கத்தி பிடிக்காத டாக்டர்

ஆபரேஷன் அறையின் கதவு சாத்தியிருக்கிறது. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிகிறது.

வெளியே பெஞ்சில் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். அவள் மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் கணவனின் கைக்கடிகாரம், மோதிரம், மூக்குக்கண்ணாடி. மகனுக்கு ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருக்கிறான்.

"பெரிய டாக்டரே செய்கிறார். கைராசிக்காரர். பயப்படாதே, அம்மா" என்கிறான்.

பெரிய டாக்டரின் பெயர் அந்தக் குடும்பத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால், உள்ளே இன்னொரு டாக்டரும் இருக்கிறார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. முந்தின நாள் மாலை கட்டில் அருகே வந்தார். "ஆஸ்துமா உண்டா? சர்க்கரை உண்டா? பல் ஆடுகிறதா? முன்பு எப்போதாவது மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்களா?" என்று கேட்டார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். போய்விட்டார். யாரோ சின்ன டாக்டர் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

அவர்தான் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். கத்தி பிடித்தவர் வயிற்றைப் பார்க்கிறார். இவர் உயிரைப் பார்க்கிறார்!

தூக்கம் அல்ல, மயக்கம்!

மயக்க மருந்து என்றால் தூக்க மருந்துதானே என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

தூங்குகிறவனைக் கொசு கடித்தால் கை தானாக எழும்பும். மூச்சு முட்டினால் புரண்டு படுப்பான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விழிப்பான். மயக்கத்தில் இருப்பவனுக்கு இதில் ஒன்றும் முடியாது. நாக்கு பின்னால் சரிந்து மூச்சுக்குழலை அடைத்தாலும் அவனுக்குத் தெரியாது. பல ஆபரேஷன்களில் தசைகளைத் தளர்த்தவும் மருந்து கொடுக்கிறார்கள். அப்போது மூச்சு விடும் வேலைகூட அவன் கையில் இல்லை. கருவிதான் மூச்சு கொடுக்கிறது.

பிராண வாயு இல்லாமல் நாலைந்து நிமிஷம் போனால் மூளை கெடத் தொடங்கும். ஒரு டம்ளர் காபியை ஆற்றிக் குடிக்கும் நேரம்! அந்த நேரத்துக்குள் தப்பைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். அதற்காகத்தான் இன்னொரு டாக்டர்.

கால் நகத்துக்காகப் போன உயிர்

1846-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் உள்ள மாசசூசெட்ஸ் பொது ஆஸ்பத்திரி. மார்ட்டன் என்ற பல் வைத்தியர் ஒரு நோயாளிக்கு ஈதர் என்ற மருந்தை முகரக் கொடுத்தார். வாரன் என்ற டாக்டர் கழுத்துக் கட்டியை அறுத்தார். நோயாளி அலறவில்லை. அந்தச் செய்தி உலகம் முழுவதும் பறந்தது.

கைகால்களைக் கட்டிப்போட்டு, நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அறுத்த காலம் அது. வலி இல்லாத ஆபரேஷன் என்றால் சும்மாவா? கொண்டாடினார்கள்.

கொண்டாட்டம் ஓய்வதற்குள் ஒரு சாவு. 1848-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி. இங்கிலாந்தில் நியூகாசில் நகருக்குப் பக்கத்தில் வின்லேட்டன் என்று ஓர் ஊர். அங்கே ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமிக்குக் கால் விரல் நகத்தை எடுக்க வேண்டியிருந்தது. முன்பு ஒரு தடவை ஈதர் கொடுத்து இன்னொரு விரலில் நகம் எடுத்திருந்தார்கள். அப்போது ஒன்றும் ஆகவில்லை. இந்தத் தடவை குளோரோபாரம். துணியில் விட்டு முகரக் கொடுத்தார்கள். சில நிமிஷங்களில் பெண் இறந்துவிட்டாள். கால் நகத்துக்காக!

குளோரோபாரம் கொடுத்து நேர்ந்த சாவுகளில் முதலில் பதிவானது இதுதான். அன்று தொடங்கியது ஒரு சண்டை. மயக்கத்தில் இருப்பவரிடம் எதைப் பார்க்க வேண்டும்? நாடியையா, மூச்சையா?

இதயம் நின்றுதான் சாவு வருகிறது, நாடியைப் பிடித்துக்கொண்டிரு என்றது லண்டன் கட்சி. மூச்சு நின்றுதான் சாவு வருகிறது, நாடியைப் பார்த்துக்கொண்டிருந்தால் மூச்சைக் கோட்டை விடுவாய் என்றது எடின்பரோ கட்சி. நாற்பது வருஷம் நடந்த இந்த வழக்கு கடைசியில் எங்கே வந்தது தெரியுமா? ஐதராபாத்துக்கு!

அங்கே வைத்தியப் பள்ளியின் தலைவராக இருந்த டாக்டர் லாரி, எடின்பரோவில் படித்தவர். நிஜாம் பணம் கொடுத்தார். 1888-லும் 1889-லும் இரண்டு கமிஷன்கள் கூடின. இரண்டாவது கமிஷனுக்கு லண்டனிலிருந்து பிரண்டன் என்ற பெரிய டாக்டரே கப்பலில் வந்தார். நாய்களுக்கும் குரங்குகளுக்கும் குளோரோபாரம் கொடுத்துப் பார்த்தார்கள். பாவம், வாயில்லா ஜீவன்கள்! மூச்சுதான் முதலில் நிற்கிறது, மூச்சைப் பார்த்தால் போதும் என்று கமிஷன் தீர்ப்புச் சொன்னது. அந்த ஐதராபாத்தில் மயக்க மருந்து கொடுக்கப் பயின்றவர் ரூபாபாய் பர்தூன்ஜி என்ற பெண். உலகிலேயே இந்தத் துறைக்கு வந்த முதல் பெண் டாக்டர் என்று அவரைச் சிலர் குறிப்பிடுகிறார்கள்.

ஆனால், தீர்ப்பு பாதிதான் சரி. 1911-ல் லீவி என்ற இங்கிலாந்து டாக்டர், குளோரோபாரம் மயக்கம் லேசாக இருக்கும்போது இதயம் திடீரென்று தறிகெட்டுத் துடித்து நின்றுபோகலாம் என்று காட்டினார். ஆக, நாடியையும் பார்க்க வேண்டும், மூச்சையும் பார்க்க வேண்டும். இரண்டு கட்சிக்கும் பாதி வெற்றி. நடுவில் எத்தனை பேர் போனார்களோ!

ஒரு விருந்துக்குப் பந்தயம்

ஐதராபாத்தில் கமிஷன் கூடிய சில வருஷங்களுக்குப் பிறகு, முன்பு சொன்ன அதே பாஸ்டன் ஆஸ்பத்திரி. ஹார்வி குஷிங் என்ற வைத்திய மாணவன். பிற்காலத்தில் மூளை ஆபரேஷனில் உலகப் புகழ் பெற்ற அதே குஷிங்தான். ஒரு நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனைக் கூப்பிட்டு, "நீ வந்து ஈதர் கொடு" என்றார்கள். எப்படிக் கொடுப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. கொடுத்தான். நோயாளி மேஜையிலேயே இறந்துபோனார்.

தன் கையால் ஒரு மனிதன் செத்தான் என்று குஷிங் நடுங்கினான். யாரும் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று மாலை வரை தெருத் தெருவாக அலைந்தான். இரவு பெரிய டாக்டரின் வீட்டுக்குப் போய், "படிப்பை விட்டுவிடுகிறேன். அந்தக் குடும்பத்துக்கு நான் என்ன பரிகாரம் செய்யலாம்?" என்று கேட்டான். "இதெல்லாம் அடிக்கடி நடப்பதுதான். மறந்துவிட்டுப் படி" என்று பதில் வந்தது.

படித்தான். ஆனால், மறக்கவில்லை.

அவனும் காட்மன் என்ற நண்பனும் ஒரு பந்தயம் கட்டினார்கள். யார் மயக்க மருந்தை நன்றாகக் கொடுக்கிறார்களோ அவருக்கு மற்றவர் விருந்து வைக்க வேண்டும். யார் நன்றாகக் கொடுத்தார் என்று எப்படித் தெரியும்? எழுதி வைத்தால்தானே தெரியும்? 1894-ல் இருவரும் ஒரு காகிதத்தில் நோயாளியின் நாடியையும் மூச்சையும் வரிசையாகக் குறிக்கத் தொடங்கினார்கள். 1901-ல் குஷிங் இத்தாலிக்குப் போனார். ரிவா ரோச்சி என்ற டாக்டர் கண்டுபிடித்த இரத்த அழுத்தக் கருவியைப் பார்த்தார். அதையும் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்.

இன்று ஆபரேஷன் மேஜையில் படுத்தவுடன் புஜத்தில் ஒரு பட்டையைச் சுற்றுகிறார்களே, அந்தப் பட்டையும், சில நிமிஷங்களுக்கு ஒரு தடவை எழுதும் அந்தக் காகிதமும் அங்கிருந்துதான் வந்தன.

பெட்டியும் பிழையும்

மயக்க மருந்துக் கருவி வெளிப்பார்வைக்குப் பெரிய அலமாரி போல இருக்கும். 1917-ல் லண்டனில் டாக்டர் பாயில் அமைத்த கருவி அதற்கு முன்னோடி. இன்றைக்கும் நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் வயதானவர்கள் அதைப் "பாயில்ஸ் மெஷின்" என்றுதான் சொல்வார்கள்.

அதில் வாயு உருளைகள் மாட்டியிருக்கும். நம் நாட்டு வழக்கத்தில் பிராண வாயு உருளையின் உடல் கறுப்பு, தோள் வெள்ளை. மயக்கத்துக்கு உதவும் நைட்ரஸ் ஆக்சைடு உருளை நீலம். அவசரத்தில் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை மாட்டிவிட்டால்? நோயாளிக்குப் பிராண வாயுவே போகாது. உலகத்தில் பல ஆஸ்பத்திரிகளில் இப்படி உயிர் போயிருக்கிறது. அதனால் 1950-களில் ஒரு தந்திரம் செய்தார்கள். ஒவ்வொரு வாயுவுக்கும் தனித்தனி இடத்தில் இரண்டு ஊசி முனைகள். உருளையின் தலையில் அதற்கேற்ற துளைகள். பூட்டுக்கு ஏற்ற சாவிபோல. மாற்றி மாட்டினால் உட்காராது. அப்படியும் பெரிய ஆஸ்பத்திரிகளில் சுவருக்குள் வரும் குழாய்களையே மாற்றி இணைத்த கதைகள் உண்டு. ஆகவே, நோயாளிக்குப் போகும் காற்றில் பிராண வாயு எவ்வளவு என்று அளக்கும் கருவி வேறு தேவைப்பட்டது.

1978-ல் கூப்பர் என்ற என்ஜினீயர் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். அவர் வேலை பார்த்ததும் அதே பாஸ்டன் ஆஸ்பத்திரிதான். மயக்க மருந்து டாக்டர்களிடம், "எங்கே தவறினீர்கள்? எங்கே தவற இருந்தீர்கள்?" என்று கேட்டு 359 சம்பவங்களைத் திரட்டினார். நூற்றுக்கு 82 சம்பவங்களில் காரணம் மனிதக் கைத்தவறு! கருவியே கெட்டுப்போனது சொற்பம். மூச்சுக்குழாய் கழன்றது தெரியவில்லை. வாயுவின் அளவு கைபட்டு மாறிவிட்டது. ஊசி மருந்து மாறிவிட்டது. இப்படிப்பட்டவை. கெட்டிக்கார டாக்டர்களுக்கே நேர்ந்தவை.

அசதி, அவசரம், பேச்சு, பசி எல்லாம் மனிதனுக்கு உண்டு. மூன்று மணி நேரம் ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது லேசான காரியம் அல்ல.

1985-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒன்பது ஆஸ்பத்திரிகளும் கூடிக் கண்டிப்பான விதிகள் வகுத்தன. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது இரத்த அழுத்தமும் நாடியும் பார்க்க வேண்டும். குழாய் கழன்றால் மணி அடிக்க வேண்டும். பிராண வாயுவை அளக்க வேண்டும். இப்படிப் பல. ஆனால், முதல் விதி எந்தக் கருவியைப் பற்றியது? எந்தக் கருவியையும் பற்றியது அல்ல. மயக்க மருந்து கொடுப்பவர் ஆபரேஷன் முடியும் வரை அந்த அறையிலேயே இருக்க வேண்டும். அவ்வளவுதான்!

இதை விதியாக எழுத வேண்டியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

விரலில் ஒரு கிளிப்பு

பிராண வாயு குறைந்தால் உதடு நீலம் பாயும், நகம் நீலம் பாயும். பழைய டாக்டர்கள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண் சரியாகச் சொல்லுமா? 1947-ல் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் பிராண வாயு நூற்றுக்கு 80 அளவுக்கு இறங்கிய பிறகும் பலரால் நீலத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆரோக்கியமானவருக்கு 95-க்கு மேல் இருக்க வேண்டும். கண் சொல்வதற்குள் வெள்ளம் தலைக்கு மேல் போய்விடுகிறது. மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் இன்னும் கஷ்டம்.

அந்தக் கண்ணுக்கு ஒரு துணை கொடுத்தவர் ஜப்பானியர். பெயர் தகுவோ ஆவோயாகி. டாக்டர் அல்ல, என்ஜினீயர். காதில் வெளிச்சம் பாய்ச்சி, இதயம் எவ்வளவு இரத்தத்தைத் தள்ளுகிறது என்று அளக்க முயன்றார். நாடி துடிக்கத் துடிக்க அளவு ஆடிக்கொண்டே இருந்தது. பெரிய இடைஞ்சல்! அந்த ஆட்டத்தை அடக்கப் பார்த்தவருக்குத் திடீரென்று ஒன்று புலப்பட்டது. ஆடுவது புதிதாக வந்து பாயும் இரத்தம் மட்டும்தானே? தோலும் எலும்பும் ஆடுவதில்லையே? அப்படியானால் ஆட்டத்தை மட்டும் அளந்தால் அந்த இரத்தத்தின் நிறம் தெரிந்துவிடும்! பிராண வாயு நிறைந்த இரத்தம் செக்கச் சிவப்பு, குறைந்தது கருஞ்சிவப்பு. நிறம் தெரிந்தால் அளவு தெரியும். ஊசி வேண்டாம், இரத்தம் எடுக்க வேண்டாம். 1974-ல் இதை அவர் வெளியிட்டார். 2020-ல் காலமானார்.

அதுதான் பல்ஸ் ஆக்சிமீட்டர். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி விரலில் மாட்டிப் பார்த்தார்களே, அதே கிளிப்பு!

1980-களில் இதற்கு ஒரு குரலும் கொடுத்தார்கள். நாடி துடிக்கும்போதெல்லாம் "பீப், பீப்" என்று சத்தம். பிராண வாயு இறங்க இறங்கச் சத்தத்தின் சுருதியும் இறங்கும். கத்தி பிடித்த டாக்டர் தலையைத் திருப்ப வேண்டியதில்லை. சுருதி இறங்கினால் கை தானாக நிற்கிறது. அறையில் பேச்சு நிற்கிறது.

கிளிப்பு எல்லாம் அறிந்த கடவுள் அல்ல. கை சில்லிட்டிருந்தால் தடுமாறும். நகப்பூச்சும் கறுப்பு மருதாணியும் அதைக் குழப்பக்கூடும். நர்ஸ் துடைக்கச் சொன்னால் பெண்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கறுப்பு நிறத் தோலில் பிராண வாயு உண்மையில் குறைவாக இருக்கும்போது அதிகமாகக் காட்டிவிடுகிறது என்று 2020-ல் அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று எச்சரித்தது. இன்னொரு குறை: அது கொஞ்சம் தாமதமாகச் சொல்லும். மூச்சுக்குழலுக்குள் போக வேண்டிய குழாய் தவறி உணவுக்குழலுக்குள் போய்விட்டால், விரலில் தெரிவதற்குச் சில நிமிஷங்கள்கூட ஆகலாம். அதற்கு வேறு கருவி இருக்கிறது. வெளிவரும் மூச்சில் உள்ள கரியமில வாயுவை அது அளக்கும். மூச்சுக்கு மூச்சு திரையில் சின்னச் சின்னக் குன்றுகள் எழும்பும். குன்று இல்லாமல் கோடு படுத்துவிட்டால், குழாயைச் சந்தேகிக்க வேண்டும், உடனே!

கேட்பது குற்றம் அல்ல

2010-ல் வெளியான ஒரு கணக்குப்படி, உலகத்தில் சுமார் 77,000 ஆபரேஷன் அறைகளில் பல்ஸ் ஆக்சிமீட்டர் இல்லை. பெரும்பாலும் ஏழை நாடுகள். அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 2008-ல், உலக சுகாதார நிறுவனம் ஒரு சின்னப் பட்டியல் வெளியிட்டிருந்தது. மயக்கம் கொடுக்குமுன் சரிபார்க்க வேண்டியவற்றில் ஒன்று: விரலில் கிளிப்பு மாட்டியிருக்கிறதா, வேலை செய்கிறதா? டில்லி உட்பட எட்டு நகரங்களில் அந்தப் பட்டியலைக் கடைப்பிடித்துப் பார்த்தார்கள். ஆயிரம் பேருக்கு 15 சாவு என்று இருந்தது, 8 ஆகக் குறைந்தது. ஒரு தாளுக்கு இவ்வளவு பலம்!

இன்று கிளிப்பு மலிந்துவிட்டது. அதைவிடப் பஞ்சம் ஆளுக்குத்தான். சின்ன ஊர்களில் ஒரே மயக்க மருந்து டாக்டர் காலையில் ஒரு நர்சிங் ஹோம், பகலில் ஒன்று, இரவு ஒன்று என்று ஓடுகிறார். அடுத்த இடத்திலிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது. அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அவரை ஓட வைக்கும் ஏற்பாட்டைத்தான் குறை சொல்ல வேண்டும். வாசலில் சலவைக்கல் பதிக்கவும், வரவேற்பு அறையில் மீன் தொட்டி வைக்கவும் பணம் இருக்கிறது. கரியமில வாயுவை அளக்கும் கருவி கேட்டால் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்கிறார்கள். இந்த நியாயம் யாருக்கும் விளங்காது.

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் குடும்பம், "மயக்க மருந்து கொடுப்பவர் யார்? முடியும் வரை அறையிலேயே இருப்பாரா?" என்று கேட்கலாம். நல்ல ஆஸ்பத்திரி முகம் சுளிக்காது. முகம் சுளித்தால், அதுவும் ஒரு பதில்தான்.

குடும்பமும் ஒளிக்கக் கூடாது. "காலையிலிருந்து பட்டினி, பாவம்" என்று பாட்டி முந்தானைக்குள் மறைத்து இட்லி கொண்டுவருகிறாள். அந்த இட்லி மயக்கத்தில் மேலே ஏறி மூச்சுக்குழலுக்குள் விழுந்தால் நுரையீரல் என்ன ஆகும்? சாப்பாடு ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிற்க வேண்டும் என்பது பொது விதி. பால் கலந்த காபியும் சாப்பாட்டுக் கணக்குத்தான். தெளிந்த தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை. எதுவானாலும் டாக்டர் சொன்ன கணக்கே கணக்கு. மீறிச் சாப்பிட்டுவிட்டால் வாய் திறந்து சொல்லிவிடுவது நல்லது. ஆபரேஷன் ஒரு நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

சிவப்பு விளக்கு அணைகிறது. பெரிய டாக்டர் வெளியே வந்து, "நல்லபடியாக முடிந்தது" என்கிறார். மனைவி கை கூப்புகிறாள். மகன் ஓடிப்போய் எல்லாருக்கும் போன் செய்கிறான்.

உள்ளே மற்றவர் இன்னும் நிற்கிறார். "ஐயா, கண்ணைத் திறங்க. உங்க பேர் என்ன? தலையைத் தூக்குங்க, பார்ப்போம்" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். தலை நின்றால்தான் தசையில் மருந்தின் வேகம் தணிந்திருக்கிறது என்று அர்த்தம். மூச்சைப் பார்க்கிறார். பிறகுதான் வண்டியைத் தள்ளச் சொல்கிறார். விரலில் கிளிப்பு அப்படியே இருக்கிறது. அடுத்த அறையிலும் கொஞ்ச நேரம் அது இருக்கும். "பீப் பீப் என்று தூக்கத்தைக் கெடுக்கிறதே" என்று உறவினர் யாராவது அதைக் கழற்றுவார்கள். நர்ஸ் ஓடிவந்து மறுபடி மாட்டுவாள்.